வயலுக்கு மேலே பறக்கும் பழுப்புப் பருந்து எது? நிறத்துக்கு முன் இறக்கையைப் பாருங்கள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் படிப்பிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மார்கழி மாதம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேளாண்மைக்கு மேலே ஒரு பெரிய பழுப்புப் பறவை தாழப் பறந்து திரிகிறது. பறவைப் புத்தகத்தைப் புரட்டினால் பாதிப் பருந்துகள் பழுப்பாகத்தான் இருக்கின்றன. இது செம்பருந்தின் குஞ்சா, கரும்பருந்தா, வேறு ஏதுமா? இரைகொல்லிப் பறவைகளை எப்படிப் பிரித்து அறிவது?"

தம்பி, நீங்கள் சொன்ன மாதம், இடம், பறக்கும் விதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து. ஆனால் ஊகத்தோடு விட வேண்டியதில்லை, வடிவாகப் பார்த்தால் உறுதியாகவே சொல்லலாம். அதற்கு நம் எல்லோருக்கும் உள்ள ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். பருந்தைக் கண்டதும் கண் முதலில் நிறத்தைத் தேடுகிறது. சின்னக் குருவிகளுக்கு அது சரி. பருந்து, கழுகு விஷயத்தில் நிறம்தான் அதிகம் ஏமாற்றும். ஒரே இனத்தில் ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறம், குஞ்சு வேறொரு நிறம். கழுகுகள் முதிர்ந்த கோலத்துக்கு வரச் சில வருடங்கள் எடுக்கும், அதுவரை வருடத்துக்கு ஒரு தோற்றம். போதாததற்கு வெளிச்சம். நடுப்பகலில் தலைக்கு மேலே போகும் எந்தப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். பொழுதுபடும் நேரத்தில் வெள்ளை வயிறும் செம்மை பூசிக்கொள்ளும்.

மாறாதவை வேறு. சிறகை விரித்து மிதக்கும்போது இறக்கை மட்டமாக இருக்கிறதா, மேலே தூக்கி இருக்கிறதா, வளைந்து தொங்குகிறதா? வால் நீளமா, கட்டையா, நுனி எப்படி முடிகிறது? எத்தனை தரம் இறக்கையை அடித்துவிட்டு மிதக்கிறது? எதன் மேலே பறக்கிறது? இவற்றைப் பார்த்த பிறகு நிறத்துக்கு வாருங்கள்.

உங்கள் வயல் பறவையில் இதைச் செய்து பார்ப்போம். பூனைப்பருந்துகள் வலசை வருபவை. பெரும்போகத்துக்கு விதைத்து முடியும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து சேர்ந்து, அறுவடை முடியும் பங்குனி அளவில் திரும்பிவிடும். ஆகவே ஆடி, ஆவணியில் பழுப்புப் பருந்தைக் கண்டால் பூனைப்பருந்து என்ற பெயரை ஒதுக்கிவிடலாம். வந்திருக்கும் காலத்தில் அதன் பறப்பே அதைக் காட்டிக்கொடுக்கும். பயிருக்கு மேலே ஓர் ஆள் உயரம், மிஞ்சினால் தென்னை உயரம். சில அடி அடித்துவிட்டு, இரண்டு இறக்கைகளையும் முதுகுக்கு மேலே சற்றுத் தூக்கிப் பிடித்தபடி மிதக்கும். அப்போது அலையில் ஆடும் வெறுந்தோணி போல இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து போகும். இறக்கையைத் தூக்கிப் பிடித்தால்தான் மெதுவாகப் பறக்கும்போது நிலை தவறாது. அதற்கு மெதுவாகப் போவது அவசியம், ஏனென்றால் அது எலியையும் தவளையையும் கண்ணால் மட்டும் தேடவில்லை. ஆந்தைக்கு இருப்பதைப் போன்ற வட்டமான முகச் சிறகுகள் இதற்கும் உண்டு. புல்லுக்குள் சரசரக்கும் ஓசையைச் செவிக்குச் சேர்ப்பவை அவை. வரம்பை ஒட்டியே போய், முனையில் திரும்பி, அடுத்த வரம்பால் வரும். திடீரென்று காலை நீட்டிக்கொண்டு பயிருக்குள் விழும்.

அது எங்கே இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பூனைப்பருந்து களைத்தால் வரம்பிலோ கட்டாந்தரையிலோ இறங்கும். இரவில் தங்குவதும் தரையில், உயர்ந்த புல்லுக்குள். செம்பருந்தின் குஞ்சோ தென்னையையும் பனையையும் பட்ட மரத்தையும் தேடிப் போகும்.

இப்போது நிறம். சேற்றுப் பூனைப்பருந்தில் பெண்ணும் இளசும் கடும் பழுப்பு, உச்சந்தலையும் தொண்டையும் மட்டும் வெளிர் மஞ்சள். எட்டத்தில் இருந்து பார்த்தால் தலையில் துணி கட்டியது மாதிரித் தெரியும். ஆண் மூன்று நிறம்: பழுப்பு முதுகு, சாம்பல் பட்டை ஓடும் இறக்கை, கறுத்த நுனி. வாலின் அடியில், முதுகு முடியும் இடத்தில் பளிச்சென்று வெள்ளை தெரிந்தால் அது சேற்றுப் பூனைப்பருந்து அல்ல. இன்னும் ஒல்லியான இரண்டு உறவுகள் உண்டு, மொன்டேகு பூனைப்பருந்தும் வெளிர் பூனைப்பருந்தும். ஆண்களைப் பிரிப்பது சுலபம். மொன்டேகு ஆணின் சாம்பல் இறக்கையின் மேற்பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடும், வயிற்றில் செம்பழுப்புக் கீற்றுகள் இருக்கும். வெளிர் ஆண் கீழே சுத்த வெள்ளை, இறக்கை நுனியில் ஒடுங்கிய ஒரு கறுப்பு ஆப்பு மட்டும். பெண்கள் இரண்டும் பழுப்பு, வெள்ளை இடுப்பு, பட்டை வால். கழுத்தில் வெளிர் வளையம் தெளிவாகத் தெரிந்தால் வெளிர் பூனைப்பருந்துப் பக்கம் சாயலாம். தெரியாவிட்டால் "வெள்ளை இடுப்புப் பூனைப்பருந்து, பெண்" என்று எழுதி வையுங்கள். அப்படி எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுபவரின் குறிப்பைத்தான் பிறகு நம்பி எடுக்கலாம்.

சரி, செம்பருந்தின் குஞ்சு. நம் வாவிக் கரையில் அதிகம் குழப்புவது இதுதான். முதிர்ந்த செம்பருந்தைத் தெரியாதவர் மட்டக்களப்பில் இல்லை. வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு, மற்றதெல்லாம் செங்கல் நிறம், இறக்கை நுனி கறுப்பு. மாமாங்கத்துத் தீர்த்தத்தில் அது தலைக்கு மேலே வட்டமிட்டால் கருடன் வந்துவிட்டது என்று கைகூப்புகிறோம். அதே பறவை முதல் வருடத்தில் முழுப் பழுப்பாக, கீற்றும் புள்ளியுமாக வந்தால் யாரும் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. இரண்டாம் வருடத்தில் தலை வெளுக்கத் தொடங்கும். மூன்றாம் வருட அளவில்தான் நாம் அறிந்த கோலம் வரும். கல்லடிப் பாலத்தில் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் இந்த வயதுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போவதைக் காணலாம். இந்தப் பாடத்தைப் படிக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

குஞ்சாக இருந்தாலும் இறக்கை பிடிக்கும் முறை தாயினுடையதுதான். மிதக்கும்போது இறக்கையை முதுகுக்கு மேலே தூக்காது. மணிக்கட்டு முன்னுக்கு வந்து, இறக்கை மெல்ல வளைந்திருக்கும். வால் கட்டை, நுனி வட்டம். இறக்கையின் அடிப்பக்கத்தில், கறுத்த நுனிக்கு உள்ளே, ஒரு வெளிர்த் திட்டு தெரியும். வயலுக்கு மேலே பறந்தாலும் வரம்பு வரம்பாகத் தேடாது, வட்டம் போட்டுத் திரியும். உழவு மெஷினுக்குப் பின்னால் கொக்குகளோடு வரும் பழுப்புப் பருந்தை முதலில் செம்பருந்துக் குஞ்சு என்றே எடுத்துக்கொண்டு பாருங்கள்.

கரும்பருந்துக்கு வால்தான் அடையாளம். மிதக்கும்போது நுனி கவட்டையாகப் பிளந்திருக்கும், திரும்பும்போது அந்த வாலை முறுக்கித்தான் திரும்பும். அது யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துப் பறவை. நம் பக்கம் கவட்டை வாலைக் கண்ணால் காணாமல் அந்தப் பெயரை எழுத வேண்டாம்.

வயலை விடுமுன் இன்னும் ஒன்று. மின்கம்பியில் காகத்தை விடச் சின்னதாக, சாம்பலும் வெள்ளையுமாக, தோளில் கறுப்புத் திட்டோடு ஒன்று இருக்கும். கண் இரத்தச் சிவப்பு. கருந்தோள் பருந்து. இருக்கும்போது வாலை மேலும் கீழும் ஆட்டும். பறந்து போய் ஒரே இடத்தில் சிறகடித்தபடி ஆகாயத்தில் நிற்கும், பிறகு இறக்கை இரண்டையும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு படிப்படியாகக் கீழே இறங்கும். இப்படி நிற்கும் வேறொன்று சிற்றெழால். ஆனால் அதன் முதுகு செம்பழுப்பு, வால் நீளம், வால் நுனியில் கறுப்புப் பட்டை, அதுவும் மாரி காலத்தில்தான் நம் பக்கம் வரும். கருந்தோள் பருந்து வருடம் முழுக்க இங்கேயே இருந்து எலி பிடிக்கிறது. வட்டையில் எலிக்கு நஞ்சு வைக்கும்போது இதை நினைத்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். நஞ்சு தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடி வெளியே வரும். பருந்துக்கு முதலில் அகப்படுவது அந்த எலிதான். வயலுக்குக் கூலி கேட்காமல் உழைக்கும் பறவையை நாமே சாகடிக்கிறோம்.

வாவிக்கும் குளத்துக்கும் வந்தால், மேலே பெரிதாக வெள்ளையாகத் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. வெண்வயிற்றுக் கடற்கழுகு நம் பகுதியில் மிகப் பெரிய இரைகொல்லி, இறக்கையை விரித்தால் ஏறக்குறைய 2 மீற்றர். வாகரைக் கடற்கரையில் இருந்து பொத்துவில், பாணமை வரை கரையோரத்திலும் உள்ளே பெரிய குளங்களிலும் காணலாம். தலையும் வயிறும் வெள்ளை, முதுகு சாம்பல், இறக்கையின் பின்பாதி கறுப்பு, வால் கட்டையாக ஆப்பு வடிவம். மிதக்கும்போது இறக்கையை நன்றாகத் தூக்கிப் பிடிக்கும், பூனைப்பருந்தை விடவும் ஆழமாக. இளசு பழுப்பும் வெள்ளையும் கலந்த கந்தல் கோலத்தில் இருக்கும். ஆனால் அந்தத் தூக்கிய இறக்கையும் ஆப்பு வாலும் முதல் நாளில் இருந்தே உண்டு. ஒரு சின்னக் கணக்கும் உதவும்: காகம் துரத்தினால் அளவு தெரிந்துவிடும். செம்பருந்து காகத்தை விடக் கொஞ்சம்தான் பெரியது. கடற்கழுகின் பக்கத்தில் காகம் ஒன்றுமே இல்லை.

விராலடிப்பானும் கீழே வெள்ளைதான், மாரி காலத்து விருந்தாளி, நம் நாட்டில் கூடு கட்டுவதில்லை. கண்ணின் ஊடாகப் பிடரிவரை ஒரு கறுப்புக் கோடு ஓடும். இறக்கை நீளம், ஒடுக்கம், மணிக்கட்டில் மடிந்து வளைந்திருக்கும். அது மீன் பிடிப்பதை ஒரு முறை கிட்டத்தில் பார்த்தால் பிறகு மறக்கமாட்டீர்கள். தண்ணீருக்கு மேலே கொஞ்சம் நின்று சிறகடிக்கும். பிறகு தலைகீழாகச் சரிந்து, கடைசிக் கணத்தில் கால்களை முகத்துக்கு முன்னே வீசித் தண்ணீருக்குள் முழுதாக விழும். எழும்பி வந்ததும் உடம்பை ஒரு உதறு உதறும். மீனைக் குறுக்கே தூக்கிக்கொண்டு போகாது. வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்பி, முன்னுக்கு இரண்டு பின்னுக்கு இரண்டு விரலாகப் பற்றி, மீனின் தலை காற்றுக்கு முன்னே இருக்கும்படி நேராகப் பிடித்துக்கொண்டு போகும். மணலையோ யப்பான் மீனோ, தலை முன்னுக்குப் பார்த்தபடி நெடுகப் பயணம் போனால் தூக்கிப் போவது விராலடிப்பான்தான் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். செம்பருந்தும் கடற்கழுகும் இப்படி விழுவதில்லை. மேற்பரப்பில் மிதக்கும் மீனைச் சரிந்து வந்து காலால் கிள்ளி எடுக்கும். செம்பருந்து சின்ன மீனைப் பறந்தபடியே கொத்தித் தின்னும்.

சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களில் அசையாமல் இருக்கும் பெரிய பறவை சாம்பல் தலை மீன்கழுகாக இருக்கலாம். தலை சாம்பல், நெஞ்சு பழுப்பு, வயிறும் தொடையும் வெள்ளை, வெள்ளை வாலின் நுனியில் அகலக் கறுப்புப் பட்டை. இது கடற்கழுகு மாதிரி உயரத்தில் வட்டம் போட்டுத் திரிவது குறைவு. மரத்தில் இருந்து மரத்துக்கு, தாழப் பறந்து போய்விடும். 1954இல் தொடங்கிய கல்லோயா தேசியப் பூங்கா இந்தச் சமுத்திரத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. படகில் போனால் இரண்டு கழுகுகளையும் ஒரே காலையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காட்டோரத்தில் குழப்பம் வேறு மாதிரி. உன்னிச்சை, உறுகாமம், லகுகல பக்கம் காலை ஒன்பது பத்து மணிக்கு வெயில் ஏறியதும் கழுகுகள் சூடான காற்றைப் பிடித்து மேலே ஏறும். "கீ... கீ... கீஈ" என்று கத்திக்கொண்டே வட்டமிட்டால் அது பாம்புக் கழுகு. அகலமான இறக்கை, அதன் பின்விளிம்பு கறுப்பு, அதற்கு உள்ளே நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. கறுத்த வாலிலும் அகலமான ஒரு வெள்ளைப் பட்டை. நடுப்பகல் வெளிச்சத்தில் உடம்பு கறுத்துத் தெரிந்தாலும் அந்த வெள்ளைப் பட்டைகள் ஒளி ஊடுருவிப் பளிச்சிடும். குடுமிக் கழுகின் இறக்கையில் இப்படி ஒற்றைப் பட்டை கிடையாது, மெல்லிய பல கோடுகள்தான். வால் நீளம், அதிலும் பல கோடுகள். மிதக்கும்போது இறக்கை மட்டமாக இருக்கும். பாம்புக் கழுகு சற்று மேலே தூக்கும்.

மரத்தில் இருக்கும்போது காலைப் பாருங்கள். பாம்புக் கழுகின் கால் மஞ்சளாக, செதில் தெரிய வெறுமையாக இருக்கும். அலகில் இருந்து கண் வரையும் அதே மஞ்சள். பாம்பு கடித்தால் தாங்குவது அந்தத் தடித்த செதில். குடுமிக் கழுகுக்கோ விரல் தொடங்கும் இடம்வரை சிறகு மூடியிருக்கும், காற்சட்டை போட்டது மாதிரி. தலைக்கு மேலே நீண்ட குடுமி நிமிர்ந்து நிற்கும். பாம்புக் கழுகின் குடுமி பிடரியில் படிந்திருந்து, சீண்டினால் மட்டும் விசிறியாக விரியும். குடுமிக் கழுகின் இளசுக்குத் தலையும் நெஞ்சும் வெள்ளை என்பதையும் மறக்க வேண்டாம். குளக்கரை மரத்தில் அதைக் கண்டு கடற்கழுகு என்று எழுதியவர்கள் அநேகம்.

இந்த இரண்டுக்கும் நடுவே வந்து குழப்புவது தேன்பருந்து. நிறத்தை நம்பவே முடியாத பறவை: வெள்ளையாக, செம்பழுப்பாக, கறுப்பாக, எப்படியும் இருக்கும். தலையைப் பாருங்கள். உடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலை, நீண்ட கழுத்து, எட்டத்தில் புறாத் தலை மாதிரி. வாலில் இரண்டு மூன்று அகலப் பட்டைகள். குளவி, தேனீக் கூடுகளைக் கிழித்துப் புழுவைத் தின்பதால் கண்ணோரச் சிறகுகள் செதில் போல இறுகியிருக்கும், கொடுக்கு ஏறாது. கிட்டத்தில் பார்க்கக் கிடைத்தால் மஞ்சள் கண் பெண், கடும் பழுப்புக் கண் ஆண். இங்கேயே வாழ்பவையும் உண்டு, மாரிக்கு வடக்கே இருந்து வருபவையும் உண்டு.

வீட்டு வளவில் கோழிக்குஞ்சைக் குறிவைத்து வரும் சின்ன வேட்டைக்காரன் வல்லூறு. காகத்தை விடச் சின்னது, கட்டை இறக்கை, நீண்ட வால். நாலைந்து அடி வேகமாக அடித்து, கொஞ்சம் மிதந்து, திரும்ப அடிக்கும். மாமரத்துக்குள் புகுந்து அடுத்த பக்கத்தால் வரக்கூடிய உடம்பு அது. முதிர்ந்தது மேலே சாம்பல், நெஞ்சில் குறுக்கே மெல்லிய செம்பழுப்பு வரிகள். இளசு மேலே பழுப்பு, நெஞ்சில் நெடுக்காகப் புள்ளியும் கீற்றும். குறுக்கு, நெடுக்கு என்ற இந்த ஒரு வித்தியாசமே வயதைச் சொல்லிவிடும்.

கூரிய இறக்கை, இடைவிடாத வேகச் சிறகடிப்பு என்றால் வேறு குடும்பம். அந்தக் குடும்பத்துப் பைரி நகரத்துக்குள்ளும் வரும். மாரி காலத்தில் உயர்ந்த கோபுரங்களின் உச்சியில் இருந்து புறாக்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாயும்போது மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டும். வயிறு துருநிறமாக, தலை முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது இங்கேயே பாறைகளில் வாழும் வகை. குடும்பிமலைப் பக்கம் போனால் செங்குத்தான பாறை முகங்களை ஒருமுறை தொலைநோக்கியால் தடவிப் பாருங்கள். பிணம் தின்னிக் கழுகு பற்றியும் சிலர் கேட்பதுண்டு. அந்தக் கூட்டம் இந்தியாவில் உண்டு, இலங்கையில் வாழ்வதில்லை. செத்த மாட்டின் மேலே வட்டமிடுவதைக் கண்டு அந்தப் பெயரை எழுத வேண்டாம்.

படம் எடுப்பதாக இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் படங்களில் பாதி இதனாலேயே பயன்படாமல் போகின்றன. பறவை சிறகடிக்கும்போது இறக்கை ஒரு கணம் மேலே இருக்கும், ஒரு கணம் கீழே இருக்கும். மேலே இருக்கும் கணத்தில் எடுத்த ஒற்றைப் படத்தில் எந்தப் பருந்தும் பூனைப்பருந்தாகத் தெரியும். ஆகவே அடிப்பதை நிறுத்தி மிதக்கத் தொடங்கியதும் எடுங்கள், தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து படம். ஆகாயம் பின்னணியாக இருந்தால் கமராவில் வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். ஆகாயம் வெளிறிப் போனால் போகட்டும், இறக்கையின் அடிப்பக்கம் தெரிய வேண்டும். போனில் எடுப்பவர்கள் பறவையை விரலால் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டினால் போதும். பறந்து வரும்போது ஒன்று, தலைக்கு மேலே ஒன்று, விலகிப் போகும்போது ஒன்று. கடைசிப் படத்தை யாரும் எடுப்பதில்லை, வாலின் அடியில் வெள்ளை உண்டா இல்லையா என்பது அதில்தான் தெரியும்.